இரண்டு ஓட்டையிலும் கரண்ட்

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலை ஐந்தரை மணிக்கே வீடு கழுவும் சத்தத்தில் எழுந்தேன். சண்முகவடிவு தன் தையல் மிஷினைக் குளிப்பாட்டாத குறைதான். என் மனைவிக்கு அந்த மிஷின்தான் மூத்த பிள்ளை. பெங்களூரில் இருக்கும் மகன் இரண்டாவது. பட்டியலில் நான் உண்டா என்று கேட்டுப் பார்த்ததில்லை. மிஷினுக்குச் சந்தனம், குங்குமம், கதம்பச் சரம். அதன் மோட்டாருக்குத் தனியாக ஒரு பொட்டு. மூன்று கத்தரிக்கோலுக்கும் பொட்டு.

எதிர்வீட்டு லிங்கதுரை வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விசிலையும் தோல் பையையும் பூஜையில் வைத்தாராம். அதைச் சொல்வதற்காகவே தெருவைக் கடந்து வந்திருக்கிறார். "இன்ஜினியர் சார், நீங்க என்ன வச்சிருக்கீங்க?" என்று எட்டிப் பார்த்தார்.

மின் அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் வெறும் பேனாவை வைத்தால் மரியாதையாகவா இருக்கும்? டெஸ்டரும் கட்டிங் பிளேயரும் வைத்திருந்தேன். அதுவும் கொஞ்சம் குறைச்சலாகத் தெரிந்ததால், அவர் வருவதற்கு முன்பே மெயினை அணைத்துவிட்டு, சின்ன அறைக்குப் போகிற பழைய போர்டிலிருந்து பீங்கான் பீஸ் கட்டை ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். வெள்ளைப் பீங்கானில் சந்தனமும் குங்குமமும் அம்சமாக இருந்தன. எங்கிருந்து எடுத்தது என்று யாரிடமும் சொல்லவில்லை, ஆபீஸ் சாமான் என்று நினைக்கட்டும். லிங்கதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்டக்டர் புத்திக்கு அது போதும்.

பொரிகடலையில் கல். இந்த ஊர்க் கடைக்காரனுக்கு நாள் கிழமை கிடையாது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. நேற்று பூஜையில் வைத்ததை இன்று எடுத்து வேலை தொடங்க வேண்டும். நான் டெஸ்டரை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். மற்றதைச் சுருட்டி வைத்தாயிற்று. சண்முகவடிவு நல்ல நேரம் பார்த்துச் சின்ன அறையில் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். மோட்டார் ஓடவில்லை.

"என்னங்க, பிளக்குல கரண்டு வரல."

"வரலன்னு நீ எப்படி முடிவு பண்ணின?"

"மிஷின் ஓடலைலா."

இதுதான் இவர்கள் விஞ்ஞானம். மிஷின் ஓடவில்லை, ஆகையால் கரண்ட் இல்லை. அதே அறையில் லைட் எரிகிறது, பேன் சுற்றுகிறது. அயர்ன் பாக்ஸை அங்கே செருகிப் பார்த்தாள், அதுவும் சூடாகவில்லை. போர்டில் பக்கத்துப் பிளக்கில் நான் டெஸ்டரை வைத்தேன். வலது ஓட்டையில் பளிச்சென்று எரிந்தது. இடது ஓட்டையில் வைத்தேன். அதிலும் எரிந்தது! மற்ற வீடுகளில் ஒரு ஓட்டையில் வருவதே பெரிது, இங்கே இரண்டிலும் வருகிறது. இதற்கு மேல் என்ன கரண்ட் வேண்டும்?

ஆக, பழுது மோட்டாரிலும் அயர்ன் பாக்ஸிலும். இரண்டும் ஒரே நாளிலா என்று கேட்டாள். இரண்டையும் உபயோகிக்கிற கை ஒன்றுதானே என்றேன்.

தீபாவளிக்கு முப்பத்தேழு ஜாக்கெட் ஒப்புக்கொண்டிருக்கிறாள். இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டுமாம். "பதினாறு வருசமா ஒருத்தருக்கும் தேதி தவறினதில்ல. ஜெபக்கனியக் கூப்பிடட்டா?" என்றாள். ஜெபக்கனி என்பது இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு பெண். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஸ்கூட்டரில் பையை மாட்டிக்கொண்டு எலக்ட்ரீஷியன் என்று திரிகிறது. என் வீட்டுக்கு எலக்ட்ரீஷியன் வருவதைத் தெரு பார்த்தால் என்ன ஆகும்? கூடாது என்றேன்.

"நீங்க கரண்ட லெட்ஜர்லதான பாத்திருக்கீங்க" என்றாள்.

இதற்குப் பதில் எழுத அவசியமில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஹாலிலிருந்து சின்ன அறைக்கு ஜங்ஷன் பாக்ஸ் வயரை இழுத்து, நான் தூங்கி எழுவதற்குள் இரண்டு ஜாக்கெட் தைத்துவிட்டாள். மோட்டார் ஓடியிருக்கிறது. அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. தற்காலிகமாக ஓடியிருக்கலாம். மேலும், மின் அலுவலகத்துக்காரன் வீட்டில் வயர் தரையில் பாம்பாக ஓடுவதா? யாராவது தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டினேன், மிஷினை ஹாலுக்கு நகர்த்தவும் கூடாது என்றேன். சாவி என்னிடம்.

அக்டோபர் 14, திங்கள்

மோட்டாரைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரன் செருகினான், ஓடியது. "மோட்டார் சூப்பரா இருக்கு அண்ணாச்சி. உங்க வீட்டு லைன்லதான் கோளாறு" என்றான். நான் யார் என்று தெரியாமல் பேசுகிறான். சொன்னேன். "அப்ப நீங்களே பாத்துருவீங்களே" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். நாலு மோட்டார் சுற்றத் தெரிந்தால் நாக்கு நீண்டுவிடுகிறது.

அக்டோபர் 15, செவ்வாய்

நானே இறங்கிவிட்டேன். பிளக், ஸ்விட்ச் இரண்டையும் மாற்றினேன். மூன்றாவது திருகைக் கழற்றும்போது கை முழங்கை வரை ஒரு உதறல். ஷாக் என்று சொல்கிற அளவுக்கு இல்லை. கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். சண்முகவடிவு தண்ணீர் கொண்டுவந்தாள். ஸ்டூல் ஆடுகிறது என்று சொல்லிவைத்தேன்.

புதுப் பிளக்கிலும் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது. மிஷின் ஓடவில்லை. இப்போதெல்லாம் கடையில் விற்கிற சாமான் எதுவும் தரமில்லை.

அக்டோபர் 17, வியாழன்

மோட்டார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் பழைய பெல்ட்டை மாட்டி, காலால் மிதித்துத் தைக்கிறாள். ஒரு காலத்தில் எல்லாரும் மிதித்துத்தானே தைத்தார்கள்? இரண்டு நாளில் வலது முட்டி வீங்கிவிட்டது. அந்த முட்டிக்காகத்தான் மோட்டார் வாங்கியது என்பது உண்மை. அதற்கு நான் என்ன செய்ய? தைலம் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால்கூடப் பதில் சொல்லிவிடலாம்.

ஒரு அம்மாள் தன் மகளுடைய ஜாக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்க வந்தது. "குடுத்துருவேன் மதினி" என்று இவள் சொன்னபோது குரல் இறங்கியிருந்தது. இவள் குரல் ஊராரிடம் இறங்கிக் கேட்டதில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று யோசித்துப் பார்க்கவில்லை.

லிங்கதுரை வாசலில் நின்று, "இன்ஜினியர் சார் வீட்லயே கரண்டு கோளாறா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வேடிக்கைக்காகக் கேட்டாராம். பஸ்ஸில் சில்லறை கொடுக்காமல் சிரிப்பார்களே, அதே சிரிப்பு.

அக்டோபர் 18, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும். பின்னால் தேவைப்படலாம்.

மாலை நாலு மணிக்கு நான் கடைத்தெருவிலிருந்து திரும்பும்போது வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சண்முகவடிவு என்னைக் கேட்காமல் ஜெபக்கனியைக் கூப்பிட்டுவிட்டாள். சுடிதாருக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தோளில் பை. வயது இருபத்தாறு இருக்கும். "வணக்கம் சார்" என்றது. என்னை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக உற்றுப் பார்த்த மாதிரி இருந்தது. மரியாதை தெரிந்த பெண்ணாக இருக்கலாம் என்றுகூட நினைத்தேன்.

டெஸ்டரை வாங்கி இரண்டு ஓட்டையிலும் வைத்துப் பார்த்தாள். பிறகு ஒரு பல்பில் இரண்டு வயர் கட்டியதை எடுத்துச் செருகினாள். பல்பு எரியவில்லை.

"ரெண்டுலயும் டெஸ்டர் எரிஞ்சா நியூட்ரல் வரலைன்னு அர்த்தம் சார். கரண்டு உள்ள வாரதுக்கு வழி இருக்கு, திரும்பிப் போறதுக்கு வழி இல்ல. அதான் எதுவும் ஓடல."

"கரண்ட் என்ன டவுன் பஸ்ஸா, போயிட்டுத் திரும்பி வர?"

அதற்குச் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. நடைக்குப் போய் ஸ்டூல் மேல் ஏறிப் பழைய போர்டைத் திறந்தாள். "சார், இந்த ரூம் பிளக்குக்கு மட்டும் தனியா ரெண்டு கட்டை. பழைய வீடுகள்ல இப்படித்தான் போடுவாங்க. கரண்டு உள்ள வார பேஸ் கட்டை இருக்கு. நியூட்ரல் கட்டையக் காணோம். எங்க சார்?"

நான் ஏறிப் பார்த்தேன். உண்மையிலேயே இல்லை. அந்த போர்டில் எப்போதும் இரண்டு கட்டை உண்டு. வீடு வாங்கிய நாளிலிருந்து பார்க்கிறேன். இவள் ஸ்டூலில் ஏறுவதற்கு முன் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்குப் பளிச்சென்று விளங்கியது. வேலை உண்டாக்கிக்கொள்கிற கூட்டம். கழற்றிப் பையில் போட்டுவிட்டு எங்கே என்று நம்மையே கேட்பது.

"பையக் காட்டு" என்றேன்.

"என்னங்க!" என்றாள் சண்முகவடிவு.

ஜெபக்கனி என்னைப் பார்த்தாள். பிறகு பையை அப்படியே தரையில் கவிழ்த்தாள். ஸ்க்ரூ டிரைவர்கள், டேப் உருண்டைகள், ஒரு சீப்பு, வயர்த் துண்டுகள், ரப்பர் போட்ட டிபன் டப்பா. கட்டை இல்லை.

"டப்பாவையும் திறக்கட்டா சார்?"

"திற."

எலுமிச்சம்பழச் சாதம். பாதி சாப்பிட்டது. சண்முகவடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே லிங்கதுரை நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு, சண்முகவடிவிடம் மட்டும், "அக்கா, கடையில ஒரு கட்டை வாங்கி வைங்க. பத்து நிமிச வேலை. வந்து மாட்டித் தாரேன்" என்றாள். இனி இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்றேன். "சரி சார்" என்றாள். அந்த சார்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

கட்டையை எங்கே ஒளித்தாளோ. கெட்டிக்காரிதான்.

அக்டோபர் 19, சனி

காலை ஒன்பது மணிக்கு லோடு ஆட்டோ வந்தது. மிஷினை ஏற்றினார்கள். தைக்க வேண்டிய துணி மூட்டை, அயர்ன் பாக்ஸ், அளவு எழுதுகிற நோட்டு எல்லாம் ஏறியது.

"எங்க போகுது இது?"

"ஜெபக்கனி வீட்டு முன்னறையில பிளக்கு இருக்கு. பகல்ல அங்க இருந்து தைக்கேன். ராத்திரி வந்து உங்களுக்குச் சோறு பொங்குதேன்."

"அவ கூப்பிட்டாளா?"

"அவ ஏன் கூப்பிடுதா? நான்தான் போயிக் கேட்டேன். சாப்பாட்டு டப்பாவத் திறக்கச் சொன்ன மனுசனோட பொண்டாட்டின்னு தெரிஞ்சும் சரின்னு சொன்னா. எனக்கு அவ மூஞ்சியப் பாக்க முடியல."

சரி, போகட்டும். நாலு நாளில் அந்த வீட்டுக் கொசுக்கடியில் திரும்பிவிடுவாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

காபி நானே போட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

சின்ன அறைத் தரையில் மிஷின் கால் பதிந்த நாலு இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. கதவைச் சாத்திவைத்தேன். பகலில் வீட்டில் சத்தமே இல்லை. முன்பெல்லாம் அந்த மோட்டார் சத்தத்தில் பேப்பர் படிக்க முடியவில்லை என்று திட்டுவேன். இப்போது நன்றாகப் படிக்கலாம். படிக்கவில்லை.

லிங்கதுரை செய்தி கொண்டுவந்தார். "நம்ம தெருவுல மூணு வீட்ல தீபாவளி சீரியல் லைட்டு வேலைய அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்னுட்டாங்க சார். களவாங்குதவள எப்படி வீட்டுக்குள்ள விட?"

களவு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. அவள் வந்துபோன பிறகு கட்டையைக் காணவில்லை என்று மட்டும்தான் சொன்னேன். அதுவும் லிங்கதுரையிடம் மட்டும்தான். அவர் வாய் முப்பது வருடம் ஸ்டாப் ஸ்டாப்பாக ஊர்ப் பெயர் கத்திப் பழகிய வாய் என்றால் அதற்கு நான் பொறுப்பா?

இருந்தாலும் தெருவுக்கு ஒரு நல்லது செய்த மாதிரிதான்.

அக்டோபர் 24, வியாழன்

குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்து மூலமாகப் புகார் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எதையும் காகிதத்தில் கொண்டுவந்துவிட்டால் அதற்கு ஒரு பலம் உண்டு. 'மேற்படி பீங்கான் கட்டையானது கடைசியாக போர்டில் காணப்பட்ட தேதி' என்று வரை எழுதினேன். தேதி சரியாக வேண்டுமே என்று இந்த நோட்டைப் புரட்டினேன்.

அக்டோபர் 11. என் கையெழுத்து. 'கட்டை ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.'

மூன்று தடவை படித்தேன். பிறகு எழுந்துபோய்ப் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தேன். மஞ்சள் துணி மூட்டைக்குள் கட்டிங் பிளேயரும் அதுவும் இருந்தன. விஜயதசமியன்று நான்தான் சுருட்டி வைத்தேன். டெஸ்டரை எடுத்தேன், இதை எடுக்கவில்லை. சந்தனம் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது.

புகாரைக் கிழித்துப் போட்டேன். உடம்பெல்லாம் வேர்த்தது. இந்த வருடம் வெயில் அதிகம்.

அக்டோபர் 25, வெள்ளி

சண்முகவடிவு போன பிறகு, மெயினை அணைத்துவிட்டுக் கட்டையை அதன் இடத்தில் மாட்டினேன். சின்ன அறைப் பிளக்கில் மேஜை பேனைச் செருகினேன். சுற்றியது. இடது ஓட்டையில் இப்போது டெஸ்டர் எரியவில்லை. ஆக, அந்தப் பெண் சொன்னது சரிதான். சரியாகச் சொல்லிவிட்டால் பெரிய ஆளா?

யாரிடமும் எதையும் விளக்கத் தேவையில்லை என்று தீர்மானித்தேன். லிங்கதுரை வந்தபோது, "கண்டுபிடிச்சுட்டேன், சரியாயிடுச்சு" என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவர், "நம்ம இன்ஜினியர்னா சும்மாவா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். முதல் தடவையாக அந்தச் சொல் காதில் உறுத்தியது.

இருட்டுவதற்குள் சண்முகவடிவு வந்தாள். பிளக் சரியாகிவிட்டது, மிஷினைக் கொண்டுவந்துவிடலாம் என்றேன். "எப்படிச் சரியாச்சு?" என்றாள். உள்ளே ஒரு சின்ன விஷயம், உனக்குச் சொன்னால் புரியாது என்றேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, நேராக நடைக்குப் போனாள். வீங்கிய முட்டியோடு ஸ்டூலில் ஏறி போர்டைத் திறந்தாள். அவசரத்தில் நான் கட்டையைத் துடைக்காமல் மாட்டியிருக்கிறேன்.

"சந்தனம் காஞ்சிருக்கு" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

அக்டோபர் 26, சனி

பேசவில்லை. சோறு வைத்தாள், குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. உப்புக் குறைவு என்றேன். டப்பாவை நகர்த்தி வைத்தாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

பேசிவிட்டாள்.

"அந்தக் கட்டையக் கழத்தி எடுங்க. ஜெபக்கனியக் கூப்பிட்டு அவ கையில குடுங்க. எங்க இருந்துச்சுன்னு சொல்லுங்க. அவளே மாட்டட்டும். லிங்கதுரை அண்ணாச்சி பக்கத்துல நிக்கணும். அப்பத்தான் மிஷினு இந்த வீட்டுக்கு வரும்."

"இல்லைன்னா?"

"அவ வீட்டு முன்னறை நல்லாக் காத்தோட்டமா இருக்கு."

சொல்லிவிட்டுத் தலைக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வருடம் ஒரு ஆபீஸ்காரனோடு குடும்பம் நடத்தியும், பெரிய மனுஷனுக்கு எது முடியும் எது முடியாது என்று தெரியவில்லை. லிங்கதுரை முன்னாலா? அந்த ஆளுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரை தெரிந்த மாதிரி.

அக்டோபர் 28, திங்கள்

முப்பத்தேழு ஜாக்கெட்டும் கொடுத்துவிட்டாளாம். சொன்ன தேதிக்கே. என் வீட்டுக் கரண்ட் ஒரு யூனிட் செலவாகாமல்.

அக்டோபர் 29, செவ்வாய்

மாலை சட்டை மாற்றிக்கொண்டு ஜெபக்கனி வீட்டுத் தெரு முனை வரை போனேன். மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. தேதி முடிந்த பிறகும் யாருக்கோ தைத்துக்கொண்டிருக்கிறாள். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். சண்முகவடிவு சிரித்து நான் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்த்தேன். நாளில் பார்க்க முடியவில்லை. பூந்தி வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். பூந்தியில் நெய் கிடையாது, டால்டா.

அக்டோபர் 30, புதன்

காலையில் கட்டையைக் கழற்றினேன். துடைக்கவில்லை. சண்முகவடிவிடம், "அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வா" என்றேன். "நீங்க போய்க் கூப்பிடுங்க" என்றாள். போனேன். வாசலில் நின்று கூப்பிட்டேன். படி ஏறக் கூடாது என்று சொன்னவன் அவள் வீட்டுப் படிக்குக் கீழே நின்றேன். எதுவும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

லிங்கதுரையைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஸ்கூட்டரைப் பார்த்ததும் அவரே வந்துவிட்டார். "என்ன சார், இவள மறுபடியும்..." என்று ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தினேன்.

சொல்ல வேண்டியதை ஆபீஸ் குறிப்பு மாதிரி மனதில் எழுதிவைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் அதில் ஒரு வரிகூட வரவில்லை.

"நான்தான்மா இதைக் கழற்றிப் பூஜையில வச்சேன். மறந்துட்டேன். நீ எடுக்கல. உன் பையை நான் கவிழ்க்க வச்சிருக்கக் கூடாது. அந்த டப்பாவையும்."

லிங்கதுரை என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்ஜினியர் சார், நீங்களா?"

"நான் இன்ஜினியர் இல்ல அண்ணாச்சி. நீங்களா கூப்பிட்டீங்க, நானும் இல்லைன்னு சொல்லல. நான் பில் செக்‌ஷன் கிளார்க். கம்பத்துல ஒரு நாளும் ஏறினதில்ல. பெயர் மாத்தம், புது இணைப்பு மனு வாங்குற கவுண்டர்ல இருந்தேன்."

சண்முகவடிவு அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஜெபக்கனி கட்டையை வாங்கித் துணியால் சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தாள். "எனக்குத் தெரியும் சார்" என்றாள்.

"என்ன தெரியும்? கட்டை பூஜையில இருந்ததா?"

"அது தெரியாது. நீங்க கவுண்டர்ல இருந்தது தெரியும். நான் ஆறாப்பு படிக்கையில எங்கப்பா கூட வந்திருக்கேன். ஞானமுத்துன்னு பேரு. மீட்டரு எங்க தாத்தா பேருல இருந்துச்சு. தாத்தா செத்த பிறகு அப்பா பேருக்கு மாத்தணும்னு மனு குடுத்தாங்க. பதினோரு தடவ நடந்தாங்க. ஒரு தடவ கையெழுத்து சரியில்லம்பீங்க, ஒரு தடவ சான்று நகல் இல்லம்பீங்க, ஒரு தடவ ஒண்ணுமே சொல்லாம நாளைக்கு வாம்பீங்க. ஒவ்வொரு தடவைக்கும் தீப்பெட்டி ஒட்டுற ஆபீஸ்ல அரை நாள் லீவு போட்டு வருவாங்க."

குரலில் கோபமே இல்லை. ஸ்டூலில் ஏறிக்கொண்டே சொன்னாள். மெயினை அணைக்கச் சொன்னாள். அணைத்தேன்.

"அப்புறம்? மாத்திக் குடுத்தேன்லா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அப்பா நடக்கதை விட்டுட்டாங்க. இப்ப அப்பாவும் இல்ல. இன்னைக்கும் எங்க வீட்டு பில்லு தாத்தா பேருலதான் வருது. ஊர்ல அத்தன வீட்டு லைனும் பாக்கேன், எங்க வீட்டு மனுவ எழுத மட்டும் கை போகல." கட்டையை அழுத்தி மாட்டினாள். "டார்ச்சைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க சார்."

பிடித்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

மெயினைப் போட்டு, பல்பைச் செருகிப் பார்த்தாள். எரிந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சண்முகவடிவிடம் சொல்லிவிட்டு, என்னிடமும் "வாரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் என்னைப் பழிவாங்க இதைச் சொல்லியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். நானும் ஏதாவது எழுதியிருப்பேன். லிங்கதுரை செருப்பை மாட்டிக்கொண்டு அந்த மூன்று வீட்டுக்கும் போவதாகச் சொன்னார். அவரை இத்தனை நாள் கண்டக்டர் என்று எழுதிவந்திருக்கிறேன். நான் மட்டும் என்ன?

சாயங்காலம் மிஷின் வந்துவிட்டது. சண்முகவடிவு உட்கார்ந்து யாருக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறாள். அறைக் கதவைச் சாத்தவில்லை.

அந்தச் சத்தத்தில் உட்கார்ந்து ஞானமுத்துவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். ஒரு மணி நேரமாகப் பார்க்கிறேன். பதினோரு தடவை எனக்கு எதிரே நின்றிருக்கிறார். பக்கத்தில் ஒரு சிறு பெண்ணும் நின்றிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது. கவுண்டர் கம்பிக்குக் கீழே உள்ள இடைவெளியில் நீண்டு வந்த காகிதம் பிடித்த கைகள் எத்தனையோ நினைவில் இருக்கின்றன. ஒரு முகமும் இல்லை. நான் யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.